நெஞ்சு பெருத்த மாடுகள்

மேல் ஊரில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவந்த ஒருத்தி அவரைத் தையல்காரர் என்று நினைத்து, சட்டைத் துணியோடு வந்து வண்டியை மறித்த கதையைப் பால் சங்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் அளந்தது மாட்டின் நெஞ்சுக்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை. மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ஊசியைக் குத்தி, அந்த ஊசி வழியே மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விடுவார். குழாய் இதயத்தின் வலது பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்குப் போகும் வழியில் நுழையும்போது கைப்பெட்டியின் திரையில் அலையின் வடிவம் மாறும். அப்போது தெரியும் எண்தான் அந்த மாட்டின் தலையெழுத்து. நாற்பதுக்குள் இருந்தால் மாடு மலையில் வாழும். ஐம்பதைத் தாண்டினால் கீழே அனுப்பிவிட வேண்டும்.

மாட்டுக்கு மலை ஏன் ஆகாது என்று யார் கேட்டாலும் அவர் சளைக்காமல் சொல்வார். சமவெளி மாட்டின் நுரையீரலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மூலையில் காற்று குறைகிறதோ அந்த மூலைக்குப் போகும் ரத்தக்குழாயை இறுக்கி மூடிவிடும். காற்றில்லாத இடத்துக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பிரயோசனம்? கீழே அது புத்திசாலித்தனம். மேல் ஊரின் ஒன்பதாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் நுரையீரல் முழுக்கவே காற்றுப் பஞ்சம். ஆகவே எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொள்ளும். இதயம் சாத்திய கதவை முட்டிக்கொண்டே இருக்கும். முட்டி முட்டி அதன் வலது பக்கம் தடிக்கும், பிறகு தளரும். போக வழியில்லாத நீர் கசிந்து நெஞ்சுத் தோலுக்கு அடியில் தேங்கும். மலையிலேயே பிறந்து பெருகிய இனங்களுக்கு, யாக் ஆனாலும் லாமா ஆனாலும் குட்டை மலை மாடானாலும், அந்தக் குழாயின் சுவர் மெல்லியது. அதற்கு இறுகத் தெரியாது. ரோமமும் அப்படித்தான், உள்சூட்டை வெளியே விடாது. முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடந்தால் அது மலைக்கு ஏற்ற மாடு என்று மேல் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இத்தனையும் தெரிந்த மனிதர்தான் நான்கு வருடத்துக்கு முன் அந்தக் காரியத்தைச் செய்தார். கீழ் ஊர்ப் பண்ணைக்கு ஒரு காளை தானமாக வந்தது. கரிய உடம்பு, எட்டடி நீளம், நடந்தால் தரை அதிரும். மேல் ஊரில் சினை ஊசிக்குப் பயன்படும் எந்தக் காளையையும் முதலில் மேலே கொண்டுபோய், மூன்று வாரம் வைத்திருந்து, அங்கேதான் அளக்க வேண்டும் என்பது விதி. கீழே அளந்தால் கதவெல்லாம் திறந்தே இருக்கும். எந்த மாடும் யோக்கியமாகத்தான் தெரியும். அந்த மாதம் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. காளையோ லாரியில் ஏறமாட்டேன் என்று இரண்டு பேரை முட்டித் தள்ளியது. பருவம் கைநழுவிப் போகிறது என்று சங்கச் செயலாளர் தினமும் போனில் நச்சரித்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று அவர் சிரித்தபோது, பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கென்றே வேலையில் இருந்த இவரும் சேர்ந்து சிரித்தார். கீழேயே அளந்தார். முப்பத்தெட்டு வந்தது. கீழே முப்பத்தெட்டு என்பதே கொஞ்சம் அதிகம்தான் என்று உள்ளே ஏதோ உறுத்தியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிவேட்டில் ‘அளந்த இடத்தின் உயரம்’ என்ற கட்டத்தில் மேல் ஊரின் உயரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காளை மேல் ஊரில் ஒரு நாள்கூட மூச்சு விட்டதில்லை. அதன் விந்து மட்டும் உறைகுடுவையில் ஏறிப் போய், நாற்பத்தொரு தொழுவங்களில் நூற்றறுபது கிடாரிகளாகப் பிறந்தது. கிடாரிகளின் உடம்பைப் பார்த்து மயங்கிப்போன சனங்கள் குட்டை மலை மாடுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டினார்கள். முதல் இரண்டு குளிர்காலத்தில் சில கன்றுகள் செத்தன. நுரையீரலில் சளி என்று அளவுக்காரரே எழுதிக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. கோழை. ஊருக்கு எது அதிகக் கெடுதல் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த வருடம் குளிர் முன்னதாகவே இறங்கிவிட்டது. பாதை மூட ஒன்பது நாள் இருக்கும்போது, வருடா வருடம் வருவதுபோலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரியில் மேலே வந்தார். அவருடைய ஒரே தங்கை மேல் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் சாலை வேலையில் கல் உருண்டு கால் நசுங்கியவன். அதற்குப் பிறகு ஏழு கிடாரிகளை நம்பித்தான் அந்தக் குடும்பம். தங்கை வந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து நேரே தொழுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மூக்குத்தியப் பாரு அண்ணா. நெஞ்சு எப்படிப் பெருத்திருக்கு. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது."

மூக்கில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தக் கிடாரிக்கு மூக்குத்தி என்று பெயர். எட்டு மாதச் சினை. முன்னங்கால்களுக்கு நடுவே அலைதாடி தண்ணீர் நிரப்பிய பையைப்போலத் தொங்கியது. அவர் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி மூடவில்லை. கழுத்து ரத்தக்குழாய் தாம்புக்கயிறு பருமனுக்குப் புடைத்து, தாடை வரைக்கும் துடித்துக்கொண்டிருந்தது. மாடு முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, மூச்சுக்காக நின்றது.

தங்கைக்கு வாய் ஓயவில்லை. தானியத்தை இடித்துக் கூழாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் தவிட்டோடு பிசைந்து, காலையும் மாலையும் வைக்கிறாளாம். அதனால்தான் இந்த நெஞ்சாம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளாம், சொல்லிக் கொடுத்தாளாம். அவளைப் பார்த்து அடுத்தவள். இப்போது நாற்பத்தொரு வீட்டிலும் அவளுடைய கூழ்தான் கொதிக்கிறது. எல்லா வீட்டு மாட்டுக்கும் நெஞ்சு பெருத்துவிட்டது என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

அவர் பெட்டியைத் திறந்தார். மூக்குத்திக்கு நூற்றுப் பன்னிரண்டு. கருவி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். தங்கை வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த கிழட்டு மலை மாட்டை நிறுத்தி அளந்தார். முப்பத்தாறு. கருவி நன்றாகத்தான் இருந்தது. ஏழு கிடாரிகளில் ஐந்து எண்பதுக்கு மேல். அடுத்த இரண்டு நாளும் ஊர் முழுக்க அலைந்து அளந்தார். பத்துக்கு ஆறு அதே கதை.

சங்கத்தின் வாசலில் ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னார். இது கொழுப்பு இல்லை, நீர். மருந்து கிடையாது. கீழே இறக்கினால் கதவுகள் மெல்லத் திறக்கும், மாடு பிழைக்கும். ஒரே லாரி, ஒரு நடைக்கு ஆறு மாடு, இருப்பதோ ஏழு நாள். இப்போதே தொடங்கினால் நாற்பத்திரண்டையாவது காப்பாற்றலாம். தங்கையின் புருஷனான மாப்பிள்ளை கைத்தடியை ஊன்றி எழுந்து, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது என்று கேட்டார். நல்ல கேள்வி. அளவுக்காரர், குளிர் முன்னாலேயே வந்துவிட்டது, குளிரில் அழுத்தம் ஏறும் என்றார். அது பொய்யில்லை. பொய்யில்லாத ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதில் அவர் நான்கு வருடமாகத் தேர்ச்சி பெற்றிருந்தார்.

யாரும் அசையவில்லை. நெஞ்சு பெருத்த மாட்டை நோயாளி என்று சொன்னால் எந்த வீட்டுக்காரி ஒப்புவாள்? கடைசியில் தங்கைதான் முன்னால் வந்தாள். தன் ஐந்தையும் முதல் நடையிலேயே ஏற்றுகிறேன் என்றாள். மூக்குத்தி வேண்டாம், அது பாதையைத் தாங்காது என்று அவர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"ஊருக்கே கூழு வைக்கச் சொன்னவ நான். எங்க வீட்டுல நல்ல மாட்ட வச்சுக்கிட்டு மத்ததை மட்டும் ஏத்தினா, எவ நம்புவா?" என்றாள் தங்கை.

அவர் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. கூழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஐந்தும், பக்கத்து வீட்டு மாடு ஒன்றும், காலையில் லாரியில் ஏறின.

லாரிக்காரர் தங்கமான மனுஷன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஊர்வலம்போல மெல்லத்தான் விட்டார். அளவுக்காரரும் தங்கையும் பின்னால், வைக்கோல் மேல், மாடுகளோடு நின்றுகொண்டு வந்தார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் மூக்குத்தி முனகியது. தங்கை அதன் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறு மணி நேரம் அதையே சொன்னாள். அவர் வேறு பக்கம் திரும்பி மலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கீழ் ஊர்ப் பண்ணை முற்றத்தில் பலகை வைத்தார்கள். மூக்குத்தி தானாகவே இறங்கியது. வாளியில் வாய் வைத்துப் பாதித் தண்ணீர் குடித்தது. தங்கை அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மாட்டின் முன்னங்கால் இரண்டும் மடிந்தன, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். வயிற்றுக்குள் கன்று உதைப்பது வெளியே தெரிந்தது. அவர் ஓடிப்போய்க் கத்தியை எடுத்துவந்து அங்கேயே கிழித்துக் கன்றை வெளியே எடுத்தார். உயிரோடுதான் இருந்தது. மூக்கைத் துடைத்து, தலைகீழாகத் தூக்கி, மார்பைத் தேய்த்தார். நாலைந்து மூச்சு விட்டது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை.

காரணம் பார்க்காமல் எந்த மாட்டையும் புதைக்கக் கூடாது என்பது பண்ணை விதி. தங்கையைப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்து, அவர் நெஞ்சைப் பிளப்பதைப் பார்த்தாள். இதயம் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய அளவுக்கு இருந்தது. இடது பக்கம் வழக்கம்போல உறுதியாக, வலது பக்கம் மட்டும் தொளதொளத்துச் சரிந்தது. ஈரலை வெட்டினால் ஜாதிக்காயை நறுக்கியதுபோலப் புள்ளிப் புள்ளியாக இருந்தது. வகுப்பறையில் கண்டிருந்தால் அற்புதமான உதாரணம் என்று சொல்லியிருப்பார்.

"இது நான் போட்ட கூழுதானே அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

அளவுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். காளையை, மண் சரிவை, செயலாளரின் சிரிப்பை, முப்பத்தெட்டை, உயரத்துக்கான கட்டத்தில் தான் எழுதிய பொய்யை. இரண்டு குளிர்காலமாகச் சளி என்று எழுதியதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு இலேசானது. அதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மாடு பிளந்து கிடக்கும்போது இவருக்கு என்ன இலேசு வேண்டிக்கிடக்கிறது?

தங்கை அழவில்லை. திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அப்படியென்றால் மூக்குத்தியின் தங்கைகள், மேலே நிற்கும் மிச்சம் இரண்டு, அவற்றின் வயிற்றில் இருப்பவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் அந்தக் காளை ரத்தம்தான் என்றார். மலை மாடுகளைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்டாள். ஊரில் பதினைந்துகூட மிச்சமில்லை என்றார். கேள்விகள் தீர்ந்துபோயின. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதாவே இருக்கட்டும் அண்ணா."

அவர் புரியாமல் பார்த்தார்.

"என்னோடதுன்னா நாளைக்கே கூழை நிறுத்திடலாம். ரத்தத்துல இருக்குன்னு சொன்னா, நான் எதை நிறுத்தறது? அங்க போய் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது?"

அன்றைக்கு அவள் அதை வெறும் ஆசையாகத்தான் சொன்னாள். மறுநாள் காலையில் ஆசை நம்பிக்கையாகிவிட்டது. கொட்டகையில் மற்ற ஐந்து மாடுகளும் தலை நிமிர்ந்து நின்றன. மூச்சிரைப்பு தணிந்திருந்தது. கழுத்துக் குழாயின் துடிப்பு அடங்கியிருந்தது. அளவுக்காரர் அளந்து பார்த்தார். எண்பத்தாறு இருந்த மாட்டுக்கு அறுபத்துநான்கு. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு எண்ணைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. இதோ பார், கீழே வந்ததும் கதவு திறக்கிறது, இன்னும் ஆறு நடை பாக்கி இருக்கிறது என்று தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தங்கை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று விடிந்ததிலிருந்து மாடுகளுக்கு யாரும் தீனி வைக்கவில்லை. பாதைக்கு வெறும் வயிறுதான் நல்லது என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

"ஒரு நாள் பட்டினிக்கே எப்படி வடிஞ்சிருக்கு பாத்தியா அண்ணா?" என்றாள். அவள் முகத்தில் நேற்றிலிருந்து காணாத வெளிச்சம் இருந்தது. உயரம், காற்று, குழாய் என்று அவர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டாள். தலையாட்டும்போதே மனசுக்குள் எத்தனை படி குறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுடைய விரல்கள் மடங்குவதிலிருந்து தெரிந்தது.

அன்றே இருவரும் மேலே திரும்பினார்கள். மாடு செத்த செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பாதைதான் மாட்டைக் கொன்றது, தொழுவத்தில் இருந்திருந்தால் ஈன்றிருக்கும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அடுத்த நாள் காலையில் சங்கத்தில் அளவுக்காரர் நின்றுகொண்டு, நான்கு வருடமாக முழுங்கி வைத்திருந்ததை எல்லோர் முன்னாலும் கக்கினார். காளையை நான் மேலே அளக்கவில்லை, பொய் எழுதினேன், இது என் குற்றம், தயவுசெய்து மாடுகளை ஏற்றுங்கள்.

செயலாளர் எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்கப் படித்தார். அளந்த இடத்தின் உயரம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு அடி. அழுத்தம் முப்பத்தெட்டு. கீழே அளவுக்காரரின் கையெழுத்து, தேதியோடு. சிரித்ததையும் நச்சரித்ததையும் செயலாளர் மறந்திருக்க மாட்டார். ஆனால் பதிவேட்டில் சிரிப்புக்குக் கட்டம் கிடையாதே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்றைக்கு அந்தச் சுரைக்காயை வைத்தே ஊருக்குப் பந்தி நடந்தது.

"தங்கச்சிமேல பழி வந்துடக் கூடாதுன்னு அண்ணன் தன் தலையில போட்டுக்கறாரு. நல்ல மனுஷன்யா," என்றார் செயலாளர்.

கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கியது. பின் வரிசைக் கிழவர் ஒருவர், கூடப் பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். அளவுக்காரர் இல்லை இல்லை என்று கத்தினார். கத்தக் கத்த அவர்மேல் அவர்களுக்குப் பாசம் கூடியது. மாப்பிள்ளை மட்டும் தடியைப் பிடித்தபடி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தங்கை எழுந்துவிட்டாள். கூழ் சொல்லிக் கொடுத்தது நான், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று நாற்பது வீட்டாரையும் பார்த்துக் கைகூப்பினாள். பட்டினி போட்ட ஐந்து மாட்டுக்கு ஒரே நாளில் மூச்சு சீரானதைச் சொன்னாள். தீனியைக் கால் பங்காகக் குறைத்தால் போதும், யாரும் எந்த மாட்டையும் எங்கேயும் ஏற்ற வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். எந்தச் செலவும் பயணமும் இல்லாத மருந்தை யார் வேண்டாம் என்பார்கள்? கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது.

மிச்சமிருந்த நாட்களில் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். சுடச்சுட ஏதாவது குடிக்கக் கொடுத்தார்கள். மாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். லாரி தினமும் பால் கேன்களோடு மட்டும் இறங்கிப்போனது. லாரிக்காரர் ஒருவர்தான் அவரிடம், நீங்க சொல்றது நிஜம்னு எனக்குத் தெரியுது சார், என்ன பண்றது, எனக்கு மாடு இல்லையே என்றார்.

கடைசி நாள் காலையில் பனி தூறத் தொடங்கியது. லாரி சங்கத்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. இந்த நடை போனால் இனி நான்கு மாதத்துக்குப் பாதை கிடையாது. கீழே ஐந்து மாடுகள் அவரை நம்பி இருந்தன. அதுதான் காரணம் என்று அவர் சொல்லிக்கொண்டார். இங்கே இருந்து ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்க்க முடியாது என்பதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை, நான் சொல்கிறேன்.

ஊர் முழுக்க மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. நான்கு நாளாகக் கால் வயிறு. கொதிக்கும் கூழின் வாசனைக்குப் பழகிய மாடுகள், நேரம் தவறாமல் காலையிலும் மாலையிலும் தொட்டியை முட்டிக்கொண்டு கத்தின. நாற்பத்தொரு தொழுவத்திலிருந்தும் அந்தச் சத்தம் ஒன்றாக எழுந்து, தெருவில் ஆளோடு ஆள் பேசுவதே கேட்கவில்லை. நுரையீரலில் காற்றில்லை, வயிற்றில் தீனியுமில்லை. இரண்டாவதையும் பிடுங்கியது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

தங்கை வழியனுப்ப வந்தாள். நாலு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாடு பட்டினி கிடக்கும்போது அவளுக்கும் சோறு இறங்கவில்லையாம். லாரியின் படிக்கட்டில் கால் வைத்திருந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைவிரல்கள் சில்லிட்டிருந்தன. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"கத்தறதுக்குத் தெம்பு இருக்கே. அது நல்லதுதானே அண்ணா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. வேறு பதிலைத் தாங்க அவளிடம் எதுவும் மிச்சமும் இல்லை.

"நல்லதுதாம்மா," என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.